தங்கையோடு மைக்கில் பேசி விளையாட மூன்று பெண்கள் வேண்டும்

அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் தங்கை கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறாள். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதவள். இப்போது வேறொரு விளையாட்டு. ஸ்னைப்பர் எடுத்தால் குறி தப்பாது. ஆனால் மைக்கை மட்டும் தொடமாட்டாள். ரெடிமேட் மெசேஜை அழுத்தியே எல்லாம் சொல்வாள். கூச்சம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரி பாலத்துக்குக் கீழே இருக்கிறான் என்று அவசரத்தில் மைக்கில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். "ஏய், பொண்ணுடா!" என்றான் ஒருவன். "இன்ஸ்டா ஐடி கொடு" என்றான் இன்னொருவன். கொடுக்காததற்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் சொந்த அணிக்காரனே அவள் காலடியில் குண்டை வீசினான். பேசியதெல்லாம் நம்ம ஊர்த் தமிழ். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"விளையாடாதே" என்று சொல்ல மனமில்லை. தப்பு செய்தது அவளில்லையே.

கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் விளையாடும் பெண்கள் இருந்தால் அவளோடு சேர்ந்துகொள்வீர்களா? ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருவாள். அப்புறம், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வாய்ஸ் சாட் தொந்தரவுக்கு அதில் புகார் கொடுத்தவர்கள் உண்டா? ஸ்கிரீன் ரெக்கார்டிங், ஐடி, நேரம் எல்லாம் வைத்திருக்கிறோம். வேறென்ன கேட்பார்கள்? இங்கே எழுதச் சங்கடமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.