12 போர் துப்பாக்கி: வலது குழலில் மட்டும் தோட்டா வெடிக்கவில்லை, எந்தப் பிரைமர் போடலாம்?

குலசேகரம் தோட்டம்:
உரிமம் உள்ள பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. பத்து தோட்டாவில் மூணு வெடிக்கல்ல. மூணும் வலது குழலில்தான். கேப்பில் (தோட்டா அடியில் அடிபட்டு நெருப்புப் பிடிக்கிற பிரைமர்) குழி மட்டும் விழுந்திருக்கு. தோட்டா வாங்கி நாலு வருசம், மர அலமாரியில் இருந்தது. பிரைமரை மாற்றிப் போட்டா சரியாகுமா? எது நல்லது?

தக்கலை:
அண்ணாச்சி, நிரப்பின தோட்டாவிலிருந்து கேப்பைத் தட்டி எடுக்கவே கூடாது. அந்தத் தட்டே அது வெடிக்கப் போதும். தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுப்படி தனி உரிமம் வேணும்; கையில் துப்பாக்கி வச்சிருக்கிற உரிமம் அதுக்கு ஆகாது.

பிரைமர் விசயமும் எளிதில்லை. பெட்டியில் 209 என்று ஒரே அளவு எண் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நெருப்பின் வேகம் வேற. வெடிமருந்தும் ஈயக் குண்டும் அதே அளவு, பிரைமர் மட்டும் வேற என்றாலும் குழலுக்குள் அழுத்தம் ஏறிடலாம். பழைய துப்பாக்கி அதைத் தாங்காம போகலாம்.

மூணும் வலதுல என்கிறீங்களே, அங்கேதான் பிடி இருக்கு. இடது குழலில் வெடிச்ச காலித் தோட்டாவையும் வலதுல வெடிக்காததையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நடுவுல, வட்டமா, ஒரே ஆழத்துல குழி இருக்கணும். வலது குழி மேலாப்புல இருந்தா ஃபயரிங் பின் (கேப்பை அடிக்கிற ஊசி) முனை தேய்ஞ்சிருக்கும், இல்ல ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்ல பழைய எண்ணெய் பிசின் மாதிரி இறுகிப் பின்னை இழுத்துப் பிடிக்கும். தோட்டா விளிம்பு உட்காருற பள்ளம் தேய்ஞ்சிருந்தாலும் தோட்டா முன்னால நழுவும், அடி வலுவா விழாது. குழி ஓரமா விழுந்தா கீல் ஆடலாம்.

குளச்சல்:
குழி ரெண்டு பக்கமும் ஒரே ஆழம்னா தோட்டாவைச் சந்தேகப்படணும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கடலோரத்துல உப்புக்காத்து வேற. கேப்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கா, தோட்டாவின் அட்டை உடம்பு ஊதி குழலுக்குள் இறுகுதா பாருங்க. ஈரம் பட்டதை வெயிலில் காயவச்சுப் பயன்படுத்தாதீங்க. துரு இளக்குற ஸ்பிரே எண்ணெய் பின் துளை வழியாக் கசிஞ்சு கேப்புக்குள்ள இறங்கினாலும் மருந்து செத்துப்போகும். அதனால துப்பாக்கியைத் துடைச்சு உலர்த்தின பிறகுதான் தோட்டா போடணும். மூடியில் ரப்பர் பட்டை உள்ள தகரப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பை; தோட்டாவை அதுல வைங்க. அலமாரி வேண்டாம்.

தக்கலை:
வெடிக்கலேன்னா உடனே திறக்காதீங்க. மருந்து தாமதமாப் பிடிக்கிறது உண்டு. முனையை ஆபத்தில்லாத பக்கம் வச்சு ஒரு நிமிஷம் நில்லுங்க, பிறகு முகத்தை ஒதுக்கித் திறங்க.

குலசேகரம் தோட்டம்:
பார்த்தேன். வலது குழி பாதி ஆழம்கூட இல்ல. களிம்பு இல்ல.

தக்கலை:
அப்போ பின், ஸ்பிரிங் பக்கம்தான் முதல் சந்தேகம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்கிட்ட கொண்டுபோங்க, அந்த மூணு வெடிக்காத தோட்டாவையும் காட்டிக் கேளுங்க. அப்படியே குழலில் தோட்டா உட்காருற அறையின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்க: 65 மிமீ அறையில் 70 மிமீ தோட்டா உள்ளே போகத்தான் செய்யும், ஆனா வெடிக்கும்போது வாய் விரிய இடம் கிடைக்காது, அழுத்தம் கூடும். தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கிற நீளம் விரிஞ்ச பிறகு உள்ள நீளம்.