மதியமானால் அணைந்துபோகும் சிஸ்டம், தூசியை நாமே எடுக்கலாமா?

பனியன்பட்டறை:
திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக் மெஷினுக்குப் பக்கத்து மேசையில்தான் கம்ப்யூட்டர், கேபினட் தரையில். ஒரு மாதமாக மதியமானால் ஃபேன் இரைகிறது, டிசைன் போடும் கோரல்டிராவில் பெரிய ஃபைலைத் திறந்தால் பட்டென்று அணைகிறது, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே பஞ்சு மெத்தை. தையல் மெஷினுக்கு அடிக்கும் கம்ப்ரசர் இருக்கிறது, அதிலேயே ஒரு அடி அடித்துவிடலாமா?

திருகாணி:
வேண்டாம் அண்ணா. கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் தேங்கும், காற்றோடு அதுவும் ஆயிலும் போர்டு மேல் தெறிக்கும். கையில் பிடிக்கிற எலக்ட்ரிக் ப்ளோயர் போதும், கொஞ்சம் தள்ளி வைத்து அடியுங்கள்.

முதலில் ஷட்டவுன் செய்து வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டை வெளியே கொண்டுபோய், உள்ளே கை வைக்கும் முன் அதன் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சும்மா விட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும்.

அப்புறம் முக்கியமான விஷயம், கண்ணுக்குத் தெரிகிற பஞ்சு இல்லை உங்கள் பிரச்சினை. சிபியு (கம்ப்யூட்டரின் முக்கிய சிப்) ஃபேனுக்கும் அதன் கீழே சூட்டை இழுக்கும் உலோகக் கட்டையான ஹீட்சிங்க்குக்கும் நடுவில் ஒரு தகடு மாதிரி படிந்திருக்கும், அதனால்தான் சூடேறி அணைகிறது. மேலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது அசையாது. ஃபேன் தனியாக ஸ்க்ரூவில் இருந்தால் அதை மட்டும் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். இன்டெல் சிபியுவோடு வரும், நாலு மூலையிலும் பின்னை அழுத்தி மாட்டும் வகை என்றால் பெரும்பாலும் மொத்தமாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அப்போது சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, பச்சைப்பயறு அளவு புதிதாக வைக்காமல் மாட்டக் கூடாது.

கோவைமணி:
இவ்வளவு எதற்கு, வீட்டு வேக்கம் கிளீனரை உள்ளே விட்டு உறிஞ்ச வேண்டியதுதானே? கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் திறந்து அடித்தால் ஒரே வேலையாக முடியும்.

திருகாணி:
இரண்டும் தப்பு. வேக்கம் குழாய் முனையில் ஸ்டேட்டிக் சேரும், அது போர்டில் பாய்ந்தால் ரேம் போகலாம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் வயரைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்க வாய்ப்பு உண்டு, கை வைத்தால் ஆளே போகலாம். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காமல், வெளியே இருக்கும் கம்பி ஜாலி வழியாக ஊதுங்கள், அதோடு விடுங்கள்.

பனியன்பட்டறை:
முடிந்தது. ஃபேனுக்கு அடியில் நீங்கள் சொன்ன அதே தகடு, முழுக்க நேவி புளூ, போன ஆர்டர் கலர்! இப்போது கோரல்டிரா ஓடும்போதும் சிபியு சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை. முன்பக்கம் காற்று இழுக்கிற இடத்தில் கட்பீஸ் துணி ஒட்டலாமா?

திருகாணி:
இன்டர்லாக், சிங்கிள் ஜெர்சி எதுவும் வேண்டாம், காற்றே போகாது. ஸ்போர்ட்ஸ் டீஷர்ட்டுக்கு வரும் ஓட்டை பெரிய பாலியஸ்டர் மெஷ் ஒட்டுங்கள், வாரம் ஒருமுறை பிய்த்து உதறுங்கள். கேபினட்டையும் தரையிலிருந்து ஸ்டூல் மேல் ஏற்றிவிடுங்கள்.