கதிர் நாவாய்ப்பூச்சிக்கு ட்ரைக்கோகிராமா அட்டை கேட்குமா?

மேலூர்_நெல்:
பெரியாறு ஒருபோகம். பயிர் பூத்துப் பால் பிடிக்கிற நேரம். வயலில் இறங்கினாலே நாவாய்ப்பூச்சி நாத்தம். கடையில் ட்ரைக்கோகிராமா அட்டை (குட்டிக் குளவி வளர்ற முட்டைங்க ஒட்டின காகித அட்டை) கட்டச் சொல்றாங்க. அமெரிக்காவில் நாத்தப்பூச்சிக்குச் சாமுராய் குளவி விடுறதா படிச்சேன். ரெண்டும் ஒண்ணுதானா? வாங்கலாமா?

குளவிக்கூடு:
வாங்காதீங்க. அட்டைக் குளவி தேடிப்போய்த் தன் முட்டையை இட்டு அழிக்கிறது அந்துப்பூச்சி முட்டையை. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு ரெண்டும் அந்துப்பூச்சி வகை; நாவாய்ப்பூச்சி அப்படி இல்லை. குருத்துப்பூச்சிக்கு ட்ரைக்கோகிராமா ஜப்பானிகம், ஏக்கருக்கு 2 சிசி (அட்டையில் உள்ள முட்டையோட அளவு), நட்ட 30, 37ஆம் நாள். இலைச்சுருட்டுப் புழுவுக்கு ட்ரைக்கோகிராமா கைலோனிஸ், 37, 44, 51ஆம் நாள். உங்க பயிர் அதையெல்லாம் தாண்டிருச்சு.

சாமுராய் குளவி பேரு ட்ரிசோல்கஸ் ஜப்பானிகஸ். பேருல ஜப்பான் இருக்கிறதால குழப்பம், அவ்வளவுதான், இனமே வேற. வெளிநாட்டுக் குளவியைச் சோதிக்காம விட முடியாதுன்னு அதை அமெரிக்காவில் அடைச்சு வச்சுச் சோதிச்சுக்கிட்டிருந்தாங்க. 2014ல மேரிலாந்தில் பார்த்தா, அது தானாவே வந்து வெளியே திரியுது!

நம்ம கதிர் நாவாய்ப்பூச்சி ஊர்ப்பூச்சி. அதன் முட்டைக்கு கிரையான் மாதிரி குளவிங்க வயல்லயே இருக்கு.

மேலூர்_நெல்:
இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

குளவிக்கூடு:
இலையில் நடு நரம்பை ஒட்டி, தட்டையான செம்பழுப்பு முட்டைங்க வரிசையா இருக்கும். நிறத்தை நம்பாதீங்க, நல்ல முட்டையும் கறுக்கும். இலையோட நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் போட்டு, வாயைப் பஞ்சால அடைச்சு நிழல்ல வைங்க. ஒரு வாரத்தில் பச்சைக் குஞ்சு ஊர்ந்தா பூச்சி. எறும்புத் தலை அளவு கறுப்பா பறந்தா குளவி.

வரப்போரம்:
குப்பி ஒரு பக்கம் இருக்கட்டும் அண்ணே, முதல்ல எண்ணுங்க. காலை எட்டு மணிக்குள்ள எண்ணணும்; வெயில் ஏறினா பூச்சி கீழே ஒளிஞ்சுக்கும். பூக்கும்போது 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடிச்சா 16. அதுக்குக் கீழேன்னா எதுவும் அடிக்காதீங்க, அடிச்சா குளவிதான் முதல்ல சாகும்.

தாண்டினா வேப்பங்கொட்டைக் கரைசல். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடிச்சுத் துணியில் கட்டி ராத்திரி ஊறவச்சு, பால் வத்துற வரை பிழிஞ்சு, 200 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலம் அடிங்க. சோப்பு போடலைன்னா கதிர்ல நிக்காம வழிஞ்சிரும். பூஞ்சணம் பிடிச்ச கொட்டை, வருஷம் தாண்டின கொட்டை வேலைக்காகாது. பிழிஞ்சதை அன்னிக்கே தீர்த்திரணும்.

அடுத்த போகத்துக்கு, பூக்கிறதுக்கு முன்னாடியே வரப்புப் புல்லை வெட்டிருங்க. பூச்சி அங்கே வளர்ந்துதான் கதிருக்கு ஏறுது.

மேலூர்_நெல்:
இன்னைக்கு எண்ணினதில் 100 கதிருக்கு 9. பால் பிடிச்சாச்சு. அடிக்கல.