காவடித் திருவிழா அன்னதான நிதி: கார்டு இயந்திரமா, கியூஆர் அட்டையா?

கேள்வி: வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் உண்டியலில் ரொக்கம் குறைகிறது. எதை வைக்கலாம்? சிலர் 18ஏ ரசீதும் (நன்கொடைக்கு வரிக்கழிவு பெற உதவும் ரசீது) கேட்கிறார்கள்.

பதில்: இரண்டையும் வையுங்கள் ஐயா. இயந்திரத்தில் 20, 50, 100 ராண்ட் என்று முன்கூட்டியே பதியுங்கள். தொகையை அடிக்கும்போதுதான் வரிசை நிற்கும். கைபேசியோடு புளூடூத்தில் இணையும் மலிவு இயந்திரத்தில் கூட்டத்தின்போது இணைப்பு அறுந்துபோகலாம். சொந்த சிம் உள்ளதே மேல். இரண்டு இயந்திரம் வைத்து, ஒன்றில் வோடகாம் சிம், இன்னொன்றில் எம்டிஎன் சிம் போடுங்கள். மின்வெட்டுக்கு பவர்பேங்க்.

பதில்: ஸ்னாப்ஸ்கேன் போன்ற கியூஆர் அட்டைமேல் மோசடிக்காரர்கள் வேறு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டிப் பணத்தைத் தங்கள் கணக்குக்குத் திருப்பிவிடுவார்கள். அட்டையைக் கண்ணாடிக்குள் வைத்து, மணிக்கொருமுறை 5 ராண்ட் அனுப்பிப் பாருங்கள்.

பதில்: 18ஏ பற்றி: வரிவிலக்கு பெற்ற பொதுநல அமைப்பு என்பது மட்டும் போதாது, இதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். சமயப் பணி 18ஏ-க்குத் தகுதியான பணிகளின் பட்டியலில் இல்லை. வறியோர் உதவி உண்டு. பிரசாதமாக எல்லோருக்கும் போடும் சோறு அதில் சேருமா என்று கணக்காளரைக் கேட்டுவிடுங்கள். ஒப்புதல் இருந்தாலும், தட்டிய கார்டிலிருந்து கொடுத்தவர் விவரம் வராது. 2023 மார்ச் முதல் ரசீதில் அடையாள எண்ணும் வேண்டும். பக்கத்திலேயே ஒரு படிவமும் பேனாவும் வையுங்கள்.