பெர்மியன் பேரழிவுக்கு சைபீரிய எரிமலைதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கதிரொளி:

பெர்மியன் காலத்தின் முடிவில், சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டு அழிந்துபோயின, டிரைலோபைட்டுகள் என்ற ஓடு மூடிய பழைய கடல் பிராணிகளின் கதை அதோடு முடிந்தது என்று எங்கு படித்தாலும் இருக்கிறது. காரணம் சைபீரிய எரிமலைப் பெருக்கு என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும். டைனோசர் விஷயமாவது புரிகிறது. விண்கற்களில் அதிகம் இருக்கும் இரிடியம் என்ற உலோகம் மிகுந்த களிமண் அடுக்கை வைத்து அல்வாரெஸ் குழு 1980-ல் விண்கல் என்றது, அப்புறம் மெக்சிகோவில் சிக்சுலுப் பள்ளமே கிடைத்தது. இங்கே எரிமலைக் குழம்பு சைபீரியாவில் கிடக்கிறது, செத்த உயிர்களின் படிவங்கள் சீனாவில் கிடக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம் என்பது மட்டும் போதுமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாமே. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

பாறைநேசன்:

சரியான கேள்வி. "ஏறக்குறைய ஒரே காலம்" போதாது. அதனால்தான் இந்தத் துறையில் உழைப்பின் பெரும்பகுதி காலத்தை இன்னும் நுணுக்கமாக அளப்பதிலேயே போகிறது. எரிமலை முந்தியா அழிவு முந்தியா என்று தெரியாமல் காரணம் பேசவே முடியாது.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் மெய்ஷான் என்ற இடத்தில் பழைய சுண்ணாம்புக் கல் குவாரிகள் இருக்கின்றன. பெர்மியன் முடிந்து டிரையாசிக் தொடங்கும் எல்லைக்கு உலக அடையாளமாக 2001-ல் ஏற்கப்பட்ட இடம் அதுதான். அங்கே ஒவ்வொரு அடுக்குக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். 24-ம் அடுக்கு வரை படிவங்கள் நிறைய. அதற்கு மேலே 25-ம் அடுக்கு, நான்கு சென்டிமீட்டர் வெளிறிய களிமண், அதற்கும் மேலே 26, கறுத்த களிமண். அழிவின் பெரும் அடி விழுந்தது இந்த இடத்தில். உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கிவிடும்.

அந்த வெளிறிய களிமண் உண்மையில் எரிமலைச் சாம்பல். ஆனால் சைபீரியச் சாம்பல் இல்லை, தென் சீனாவுக்குப் பக்கத்திலேயே இருந்த வேறு எரிமலைகள் கக்கியது. அதைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம், கடிகாரமாகப் பாருங்கள். சாம்பலுக்குள் மணலை விடப் பொடியான சிர்கான் படிகங்கள் இருக்கும். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏறக்குறைய விடவே விடாது. எனவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது. களிமண்ணைக் கழுவிப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் நல்ல படிகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முதலில் அதிக வெப்பத்தில் வைத்து, அப்புறம் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, ஈயம் கசிந்திருக்கக்கூடிய பழுதான பகுதிகளைக் கரைத்து நீக்கிவிட்டு, மிச்சம் நிற்பதை முழுதாகக் கரைத்து அளக்கிறார்கள். இந்த முன்கழுவல் வந்த பிறகுதான் பிழை வரம்பு சுருங்கியது.

சாம் பௌரிங், சேத் பர்ஜெஸ் குழு 2014-ல் மெய்ஷான் அடுக்குகளுக்குச் சொன்ன கணக்கு இது: அழிவு தொடங்கியது 25.1941 கோடி ஆண்டுகளுக்கு முன், முடிந்தது 25.1880 கோடி ஆண்டுகளுக்கு முன். இடைவெளி சுமார் 60,000 ஆண்டுகள், பிழை வரம்பு கூட்டிக் கழித்து 48,000. அதே முறையில் சைபீரியப் பாறைகளையும் அளந்து 2015-ல் வெளியிட்டார்கள். குழம்பு கக்கத் தொடங்கியது அழிவுக்கு ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால். ஆகவே எரிமலை முந்தி, அழிவு பிந்தி. வரிசை பொருந்துகிறது.

கதிரொளி:

அருமை, நன்றி. ஆனால் இப்போது வேறு சந்தேகம் வருகிறது. 3 லட்சம் ஆண்டுகள் குழம்பு கக்கிக்கொண்டிருந்தபோது ஒன்றும் ஆகாமல் திடீரென்று 60,000 ஆண்டுகளில் எல்லாம் எப்படிச் செத்தன? அப்படியானால் அழிவுக்கு எரிமலை இல்லாத வேறு ஏதோ ஒன்று காரணம் என்றல்லவா ஆகிறது?

நெய்தல்:

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். குழம்பு மேலே வழிவது பெரும்பாலும் உள்ளூரில்தான் நாசம் செய்யும். சைபீரியாவில் ஒரு கட்டத்தில் குழம்பு மேலே வருவதை விட்டு, பூமிக்கு அடியில் பாறை அடுக்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் புகுந்து தகடு தகடாக உறையத் தொடங்கியது. புவியியலில் இதற்கு 'சில்' என்று பெயர். அது புகுந்த துங்குஸ்கா படுகையில் என்னென்ன இருந்தன தெரியுமா? நிலக்கரி, எண்ணெய் கலந்த களிப்பாறை, சுண்ணாம்புக்கல், தடித்த உப்பு அடுக்குகள். அத்தனையும் வெந்து கரியமில வாயு, மீத்தேன், குளோரின் சேர்மங்கள் எல்லாம் கிளம்பின. இந்த சில்களின் தொடக்கம் அழிவின் தொடக்கத்தோடு பொருந்துகிறது என்று பர்ஜெஸ் குழு 2017-ல் எழுதியது. எனவே நீங்கள் கேட்ட தாமதம் எரிமலைக்கு எதிரான சாட்சி இல்லை, எது கொன்றது என்பதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி.

இதைச் சோதிக்க இன்னொரு வழியும் உண்டு. பசிபிக் கடலடியில், சாலமன் தீவுகளுக்குப் பக்கத்தில், ஒன்டாங் ஜாவா என்ற மாபெரும் எரிமலைப் பீடபூமி சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. உலகத்தின் மிகப் பெரிய குழம்புக் குவியல்களில் ஒன்று. ஆனால் அப்போது பெர்மியன் மாதிரி பேரழிவு நடக்கவில்லை. குழம்பின் அளவு மட்டும் கொல்வதில்லை, அது எதைச் சுட்டது என்பதும் முக்கியம் என்று பலர் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

நிலக்கரி எரிந்ததற்கு நேரடித் தடயமும் இருக்கிறது. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் அழிவுக்குச் சற்று முந்தைய அடுக்குகளில், இன்று அனல் மின் நிலையத்துச் சாம்பலில் பார்ப்பது போன்ற கரித்துகள்களைக் கண்டதாக 2011-ல் கிராஸ்பி குழு எழுதியது. சைபீரிய எரிமலைப் பாறைகளுக்குள்ளேயே எரிந்த நிலக்கரித் துண்டுகள் கிடைத்ததாக 2020-ல் வேறு ஒரு குழு எழுதியது.

கடலில் என்ன நடந்தது என்று பார்க்க கோனோடான்ட் பற்களை எடுக்கிறார்கள். விலாங்கு போன்ற ஒரு சின்ன உயிரினத்தின் பல் அது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கடல் சூடாக இருந்தால் அந்தப் பல்லில் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பு குறைவாக இருக்கும். சீனாவில் எடுத்த பற்களை அளந்ததில் வெப்பமண்டலக் கடல் சுமார் 8 டிகிரி சூடேறியிருக்கிறது. காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் போடும் ஈரத்துணியெல்லாம் இதற்குப் போதாது, பவளங்களின் உலகமே அதோடு போய்விட்டது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், அதே சூட்டில் உயிர்களுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டு பக்கமும் அடி.

முத்துவேல்:

மேலே இருவரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஒரு இனத்தின் கடைசிப் படிவம் அதன் கடைசி உயிர் இல்லை. அரிதான இனம் என்றால், அது செத்ததற்கு வெகுகாலம் முன்னாலேயே பாறையிலிருந்து காணாமல் போயிருக்கும். இதனால் திடீரென்று நடந்த அழிவுகூட படிப்படியாக நடந்தது போலத் தெரியும். சிக்னர், லிப்ஸ் என்ற இருவர் 1982-ல் இதை விளக்கினார்கள். எனவே ஒரே குவாரியை நம்பாமல் பல இடங்களைச் சேர்த்துப் புள்ளியியல் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இந்தியாவிலும் அப்படி ஓர் இடம் உண்டு. காஷ்மீரில் ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் உள்ள குர்யுல் பள்ளத்தாக்கில் பெர்மியன், டிரையாசிக் கடலடி அடுக்குகள் தொடர்ச்சியாகத் தெரிகின்றன. உலக எல்லை அடையாளத்துக்கு அதுவும் போட்டியில் இருந்தது. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பள்ளியில் கேள்விப்பட்டோம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, பாதரசம். அழிவு அடுக்குகளில் பாதரசம் கூடியிருந்தால் உடனே எரிமலை என்று எழுதிவிடுகிறார்கள். எரிமலை கக்கும்தான், ஆனால் நிலக்கரி எரிந்தாலும் பாதரசம் வரும், நிலத்து மண் அரித்துக் கடலில் சேர்ந்தாலும் வரும். தனியாக அது எதையும் நிரூபிக்காது.

விண்கல்தான் என்று இதற்கும் சொல்லிப் பார்த்தார்கள். 2001-ல் விண்வெளி வாயு உள்ளே அடைபட்ட கார்பன் கூண்டுகள் கிடைத்ததாக ஓர் ஆய்வு வந்தது, மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. 2004-ல் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் பெடௌட் என்ற மேட்டை மோதல் பள்ளம் என்றார்கள், அதையும் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. டைனோசர் கால எல்லையில் போல உலகம் முழுக்க வலுவான இரிடியம் அடுக்கும் இங்கே இல்லை.

கதிரொளி, உங்கள் பனம்பழக் கேள்விக்கு எனக்குத் திருப்தி தந்த பதில் 2018-ல் பென், டாய்ச் குழு செய்தது. கணினி மாதிரியில் கடலைச் சூடாக்கி, ஆக்சிஜனைக் குறைத்து, இன்றைய கடல் உயிரினங்களின் தாங்குதிறனை அதில் பொருத்திப் பார்த்தார்கள். துருவத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவைதான் அதிகம் அழிந்திருக்க வேண்டும் என்று மாதிரி சொன்னது, ஏனென்றால் குளிர்ந்த நீருக்குப் பழகியவற்றுக்கு ஓடி ஒளிய வேறு இடம் கிடையாது. அப்புறம் படிவத் தரவுகளை எடுத்துப் பார்த்தால் அதே போக்கு தெரிந்தது. சூடு, ஆக்சிஜன் குறைவு இந்த இரண்டும் சேர்ந்தே அழிவில் பாதிக்கு மேல் விளக்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. மீதிக்குக் கடல் அமிலமானது, நச்சு வாயுக்கள் போன்றவற்றைப் பார்க்க வேண்டும், அதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

கதிரொளி:

குர்யுல் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். சில் புகுந்த காலக்கணக்கு முழுக்க சைபீரியாவின் சில இடங்களில் எடுத்த பாறைகளை நம்பித்தானே இருக்கிறது? இன்னும் பல சில்களை அளந்தால் வரிசை மாற வாய்ப்பு உண்டா?

பாறைநேசன்:

உண்டு. அந்தப் பரப்பு லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர், அளந்தது அதில் கொஞ்சம்தான். அழிவுக்கு முந்தைய 'சில்' தகடுகள் பல இடங்களில் கிடைத்தால் 2017 விளக்கம் ஆட்டம் காணும். குழம்பு முந்தி, அழிவு பிந்தி என்ற பெரிய வரிசை அவ்வளவு எளிதில் மாறாது, அதற்கு மெய்ஷான் சிர்கானும் சைபீரிய சிர்கானும் ஒரே முறையில் அளக்கப்பட்டிருப்பதுதான் பலம்.