ஆராய்ச்சிக்கு ரத்தம்: கொடுக்கலாமா, வேண்டாமா?

பாசிக்காரி மகன்:
பாம்பன் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த வாரம் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்க வருகிறார்களாம். மூன்று வருடம் முன்பும் ஒரு குழு வந்தது. அம்மா கடல்பாசி எடுக்கப் போகாமல், ஒன்பது மணி வரை வெறும் வயிற்றோடு காத்திருந்து இரண்டு குழாய் கொடுத்தார். ரிப்போர்ட் இன்றுவரை வரவில்லை. இந்த முறை யாரும் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

லேப் தம்பி:
தப்பு அண்ணே. இரண்டு குழாய் என்றால் பத்து மில்லி இருக்கும், இரண்டு டீஸ்பூன். யானைக்கால் நோய்க்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாக விரலில் குத்தினார்களே, புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் தலைகாட்டும் என்று. அன்றைக்கும் திட்டினார்கள். கதவைச் சாத்தியிருந்தால் யாருக்கு நோய் என்று தெரிந்திருக்குமா?

பாசிக்காரி மகன்:
அளவா பிரச்சினை? அங்கே புழு இருந்தால் மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு பிஸ்கட் பாக்கெட்.

கீழக்கரை லாத்தா:
அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடிகள் 1990 வாக்கில் சர்க்கரை நோய்க்கு என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அதே ரத்தத்தில் மனநோய், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்றெல்லாம் தோண்டியிருக்கிறார்கள். வழக்குப் போட்ட பிறகு, 2010-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலரும் மிச்ச ரத்தமும் கொடுத்தது. நம்மால் கோர்ட் வரை போக முடியுமா?

லேப் தம்பி:
அதற்குத்தான் லாத்தா, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் இருக்கின்றன. நமக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மிச்சத்தைச் சேமித்து வைக்கவும் ஒப்புதல் வேண்டும்.

பாசிக்காரி மகன்:
எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் பக்கத்தில் சாட்சி வேண்டும், அதுவும் அதில்தான் இருக்கிறது. போன முறை அந்தக் குழு வந்தது புதன்கிழமை. திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் படகில். அம்மாவுக்கு யார் படித்துக் காட்டினார்கள்?

மண்டபம் சிஸ்டர்:
ஓய்வுபெற்ற நர்ஸ் சொல்கிறேன் தம்பி, கோபம் நியாயம். ஆனால் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் கணக்கில் இல்லாத ஆராய்ச்சி அவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்கள் ஊரில் இருப்பார்கள், அப்போது வரச் சொல்லுங்கள். மறுத்தால் நட்டம் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இல்லை, நமக்குத்தான்.

பாசிக்காரி மகன்:
சரி சிஸ்டர், அம்மாவிடமே கேட்டேன். "குடுப்பேன். சர்க்கரை எம்புட்டுன்னு அங்கேயே எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லு" என்கிறார். விரலில் குத்தினால் ஒரு நிமிடத்தில் சொல்லும் மெஷின் இருக்கிறதே, அதைக்கூட அன்று கொண்டுவரவில்லை. நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.