மிஸ்ஃபயர்: ‘பொறித்தவறு’ வேண்டாம், ‘எரிதவறல்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்,

எஞ்சினின் ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது சரியாக எரியாமல் போவதை மிஸ்ஃபயர் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், ‘பொறித்தவறு’ என்று இங்கே இரண்டு பேர் முன்மொழிந்திருக்கிறார்கள். சொல் கச்சிதமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. ஏனென்று சொல்ல என் வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா 1986இல் வாங்கிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் அது. கார்புரேட்டர், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் அந்தக் காலத்து அமைப்பு. போன மார்கழியில், காலையில் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓட) விட்டால் சீராக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று ஒரு துடிப்பை விழுங்கும், கியர் தண்டில் கை வைத்திருந்தால் அந்த உதறல் உள்ளங்கைக்குத் தெரியும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது, மறுபடி உதறும். சூடேறிவிட்டால் சுத்தமாக நின்றுவிடும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகிவிடுவதால் அங்கே ஒன்றுமே காட்டாது. ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்றதும் எல்லோர் கையும் பொறி தரும் பிளக்குக்குத்தான் போயிற்று, என் மனமும் அங்கேதான் போயிற்று. பிளக், வயர், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், கேப் என்று பொறி சம்பந்தப்பட்டதையெல்லாம் வரிசையாக மாற்றினோம். உதறல் அப்படியே இருந்தது.

கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் விடியற்காலையில் வீட்டுக்கே வந்து, வண்டி உதறும்போதே ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டினார். முதல் மூன்றில் எஞ்சின் சத்தம் தடுமாறியது, நான்காவதில் அந்த அளவு தடுமாறவில்லை, ஆக கோளாறு அந்தச் சிலிண்டரில்தான். அந்தப் பிளக்கை வெளியே எடுத்து, எஞ்சின் உடம்பில் படும்படி வைத்து என்னை ஸ்டார்ட்டரை அடிக்கச் சொன்னார். பளிச்சென்று நீலப் பொறி! பிளக் நுனியையும் காட்டினார். பொறி வராத சிலிண்டரின் பிளக் எரியாத பெட்ரோலில் நனைந்து வாடை அடிக்கும், இதுவோ காய்ந்து வெளிறிப்போயிருந்தது. “காத்து ஜாஸ்தியா போகுது தம்பி” என்றவர், சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் இணைப்பு ஓரத்தில், எரியக்கூடிய கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சினார். அது இடைவெளி வழியே உள்ளே போய்க் காற்று மிகுந்த கலவையை ஈடுசெய்ய, உடனே ஓட்டம் சீரானது. இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் பழசாகிக் கெட்டிப்பட்டுப்போய், நான்காவது சிலிண்டர் பக்கம் காற்றை உள்ளே விட்டிருக்கிறது. சூட்டில் உலோகம் விரிந்ததும் இடைவெளி அடைபட்டுவிடும், அவ்வளவுதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மிஸ்ஃபயர் என்பது ஒரு சிலிண்டர் தன் முறை வரும்போது எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ போவது. அதற்குப் பொறி காரணமாக இருக்கலாம், பெட்ரோல்-காற்றுக் கலவை காரணமாக இருக்கலாம், வால்வு கசிந்து கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) குறைந்ததும் காரணமாக இருக்கலாம். ‘பொறித்தவறு’ என்றால் தேடத் தொடங்கும் முன்பே பழியைப் பொறிமேல் போட்டுவிடுகிறோம், நான் அலைந்ததும் அதனால்தான். போதாக்குறைக்குப் பொறி என்றால் இயந்திரம் என்றும் பொருள் உண்டு, ஆகவே ‘இயந்திரக் கோளாறு’ என்று படிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. புதிய வண்டிகளின் கணினிகூடப் பெரும்பாலும் எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் தண்டின் சுழற்சி ஒரு கணம் தளர்வதை வைத்துத்தான் இதைக் கண்டுபிடிக்கிறது. அது தரும் பி0301 என்ற குறியீடு முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று மட்டுமே சொல்லும், ஏன் என்று சொல்லாது. நம் சொல்லும் அந்த எல்லையில் நின்றால் போதும்.

அதனால் என் பரிந்துரை ‘எரிதவறல்’. பருவமழை தவறியது, குறி தவறியது என்கிறோமே, அந்தத் தவறுதல்: நேரம் வந்தது, நடக்க வேண்டியது நடக்கவில்லை. மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்று சொல்வதும் இதே பொருளில்தான். இன்னொருவர் சொன்ன ‘எரியாமை’ எனக்குப் போதவில்லை, அது முழுக்கச் செத்துப்போன சிலிண்டருக்குத்தான் பொருந்தும். ஐடிலிங்கில் 800 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும், அதில் ஐந்தாறு முறை மட்டும் விட்டுப்போவதை எரியாமை என்பது எப்படி? தவறல் என்றால் அரைகுறை எரிதலும் அதற்குள் அடங்கிவிடும். வினையாகவும் பேசலாம், ‘நாலாவது சிலிண்டர் எரிதவறுது’ என்று. அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன், இரண்டாம் முறை விளக்கத் தேவைப்படவில்லை.

விட்டுவிட்டு வருவதற்கு ‘இடைவிட்ட எரிதவறல்’ என்று எழுதலாம், ஆனால் ‘விட்டுவிட்டுக் காய்ச்சல்’ போல ‘விட்டுவிட்டு எரிதவறல்’ என்றே வைத்தால் பட்டறையிலும் புழங்கும் என்று தோன்றுகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் இரண்டில் எது நிற்கும் என்று சொல்லுங்கள்.